மதுவும் மோட்டார் வண்டியும்

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன தண்டனை என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். "பத்தாயிரம் ரூபாய் அபராதம்" என்ற விடை உடனே வரும். சிலர் அதை அச்சத்தோடு சொல்வார்கள். வேறு சிலரோ, சந்தையில் ஒரு பண்டத்தின் விலையைச் சொல்வதுபோல் அலட்சியமாகச் சொல்வார்கள். பணத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது அவர்களுடைய எண்ணம்.

அந்த எண்ணம் தவறு என்பதை எடுத்துக்காட்டுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம். இக்குற்றத்துக்குச் சட்டம் வகுத்திருக்கும் தண்டனைகளுள் அபராதமே மிகச் சிறியது. அதனை அடுத்துச் சிறை இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் பறிபோவது இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் இன்ஷூரன்சு கைவிடுவது இருக்கிறது. உயிர்ச்சேதம் நேர்ந்துவிட்டாலோ, கொலைக்கு ஒருபடி மட்டுமே கீழே வைத்து எண்ணப்படும் பெருங்குற்றமும் காத்திருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒருவன் தன் பணத்தில் குடிக்கிறான். தன் வண்டியை ஓட்டுகிறான். எவர் மீதும் மோதவில்லை. எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவனை ஏன் தண்டிக்க வேண்டும்? தீங்கு நேர்ந்த பிறகல்லவா தண்டனை என்று கேட்பவர்கள் உண்டு.

இந்தக் கேள்விக்கு விடை மதுவின் தன்மையிலேயே இருக்கிறது. மது உள்ளே சென்றதும் முதலில் மயங்குவது காலும் கையும் அல்ல. 'நான் சரியாக இருக்கிறேனா?' என்று தன்னைத் தானே எடைபோட்டுப் பார்க்கும் அறிவுதான் முதலில் மயங்குகிறது. தராசே பழுதுபட்ட பிறகு நிறுத்துப் பார்ப்பது எங்ஙனம்? அதனால்தான் குடித்தவன் எப்பொழுதும் "நான் நிதானமாக இருக்கிறேன்" என்று சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. மெய்யென்று நம்பியே சொல்கிறான். அந்த நம்பிக்கையோடு அவன் சாலையில் இறங்கும்போது, எதிரே வருகிறவருக்கு அது தெரிவதில்லை. ஆகவே தீங்கு நேரும்வரை காத்திருக்காமல், வண்டியை எடுத்த அந்தச் செயலையே குற்றமாக்கி வைத்தது சட்டம். வண்டியை ஓட்டுவது மட்டுமன்று, ஓட்ட முயல்வதும் குற்றமே.

இது மோட்டார் வண்டியோடு பிறந்த புதுக் கருத்தும் அன்று. இங்கிலாந்தில் 1872-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குடிபோதையில் பொதுப்பாதையில் குதிரை வண்டியையோ, மாட்டையோ, நீராவி எந்திரத்தையோ நடத்திச் செல்வதைக் குற்றமாக்கியிருந்தது. அந்நாளில் வண்டி இழுத்த குதிரைக்காவது போதை இல்லை. வழி தெரிந்த குதிரை தானே வீடு சேர்ந்துவிடும். பிறகு குதிரை போய் எந்திரம் வந்தது. 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இலண்டன் நகரில் மின்சார வாடகை வண்டி ஒன்றை ஓட்டிச் சென்றவர், நியூ பாண்டு வீதியில் ஒரு கட்டடத்தின் மீது மோதினார். குடித்திருந்ததை ஒப்புக்கொண்டார். அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 25 ஷில்லிங். மோட்டார் வண்டி வரலாற்றில் இவ்வகைத் தண்டனை பெற்ற முதல் மனிதர் அவரே என்பர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 117-ஆம் பிரிவு இக்குற்றத்தைக் கூறியது. வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள இயலாத அளவுக்கு ஒருவன் போதையில் இருந்தால்தான் அது குற்றம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதி, வழக்குமன்றத்தில் பெரும் இடர்ப்பாட்டை உண்டாக்கியது. வாயில் மதுவின் வாடை வீசியது என்பார் காவலர். அது இருமல் மருந்தின் வாடை என்பார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். கால் தள்ளாடியது என்பார் ஒருவர். அவருக்கு முழங்காலில் வாதம் என்பார் மற்றொருவர். கண் சிவந்திருந்தது என்றால், இரவெல்லாம் உறங்காத கண் என்று விடை வரும். ஒரு மனிதனுடைய நிதானத்தைப் பிறர் கண்ணால் அளந்து மெய்ப்பிப்பது எளிதன்று.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது விஞ்ஞானம். மதுவின் சத்தாகிய ஆல்கஹால் குடலிலிருந்து குருதியில் கலக்கிறது. குருதி நுரையீரலைச் சுற்றி ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கு மூச்சுக்காற்றில் வெளிப்படுகிறது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி லிட்டர் மூச்சில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவு ஒரு மில்லி லிட்டர் குருதியிலும் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே ஊசி குத்தாமலே, மூச்சை ஊதச் செய்து குருதியின் நிலையை அறியலாம். அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காவல்துறையைச் சேர்ந்த இராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் 1954-ஆம் ஆண்டில், சாலையோரத்திலும் கையாளத்தக்க மூச்சுச் சோதனைக் கருவியை அமைத்தார்.

கருவி வந்ததும் சட்டத்தின் கேள்வியே மாறிவிட்டது. 'இவன் நிதானமாக இருந்தானா?' என்ற கேள்வி போய், 'இவன் குருதியில் எவ்வளவு இருந்தது?' என்ற கேள்வி வந்தது. நார்வே நாடு 1936-ஆம் ஆண்டிலேயே இவ்வழியில் எண்ணால் ஒரு வரம்பு கட்டியிருந்தது. இங்கிலாந்து 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில், 100 மில்லி லிட்டர் குருதிக்கு 80 மில்லி கிராம் என்று வரம்பு வைத்தது. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் இக்குற்றத்தைக் கூறுகிறது. அப்பிரிவு முதலில் எவ்வளவு சிறிதாயினும் ஆல்கஹால் இருக்கலாகாது என்றது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 100 மில்லி லிட்டர் குருதியில் 30 மில்லி கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது வரம்பாயிற்று. போதை மருந்துகளுக்கு இத்தகைய எண் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் வசப்பட்டிருந்தால் அதுவும் அதே பிரிவின்கீழ் குற்றமே.

30 மில்லி கிராம் என்றால் எவ்வளவு? வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது என்று கொள்வோம். அந்த 5 லிட்டரிலும் சேர்த்து ஒன்றரை கிராம் ஆல்கஹால் கலந்திருந்தால் வரம்பு வந்துவிட்டது. ஒன்றரை கிராம் என்பது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. 'கொஞ்சந்தான் குடித்தேன்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஏன் மதிப்பில்லை என்பது இப்போது விளங்கும்.

இன்னும் ஒன்றை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். குருதியில் ஏறிய ஆல்கஹாலைக் கரைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரல் தன் போக்கில்தான் செய்கிறது. மணிக்கு 10 முதல் 20 மில்லி கிராம் அளவே 100 மில்லி லிட்டர் குருதியில் குறையும். மோர் குடித்தாலும், எலுமிச்சம் பழம் பிழிந்து பருகினாலும், தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டிக்கொண்டாலும், காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடுவதில்லை. உறக்கம் தெளியலாம், குருதி தெளியாது. இரவு 11 மணிக்கு ஒருவன் குருதியில் 120 மில்லி கிராம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். மணிக்கு 15 வீதம் குறைந்தால், விடியற்காலை 4 மணிக்கு இன்னும் 45 இருக்கும். உறங்கி எழுந்து, முகம் கழுவி, திருநீறு பூசி வண்டியை எடுத்தாலும், அப்போதும் அவன் சட்டத்தின் கண்ணில் குடித்துவிட்டு ஓட்டுபவனே.

இனிச் சாலையில் நடப்பதைக் காண்போம். சீருடை அணிந்த காவலர், ஒருவன் இக்குற்றம் செய்கிறான் என்று நியாயமான ஐயம் கொண்டால், மூச்சை ஊதிக் காட்டுமாறு கேட்கலாம் என்கிறது 203-ஆம் பிரிவு. ஊத மறுத்தால்? மறுப்பவரைப் பிடியாணை இல்லாமலே கைது செய்ய அதிகாரம் உண்டு. குருதிச் சோதனைக்கு 204-ஆம் பிரிவு வழி செய்கிறது. தக்க காரணமின்றிச் சோதனைக்கு இணங்காமை, வழக்கு நடக்கும்போது குற்றச்சாட்டுக்குத் துணைச் சான்றாகக் கொள்ளப்படலாம் என்கிறது 205-ஆம் பிரிவு. சோதனையிலிருந்து நழுவியவன் தப்பிவிட்டான் என்பது வெறும் மயக்கம்.

அதே சட்டம் குடிமகனுக்கும் ஒரு காப்பு வைத்திருக்கிறது. இக்குற்றத்துக்காகப் பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவர் சோதிக்க வேண்டும். இல்லையேல் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆம் பிரிவு கூறுகிறது. நேரம் கடந்த சோதனை உண்மையைச் சொல்லாது. குற்றமற்றவரும் அதனால் அலைக்கழிக்கப்படலாகாது. சட்டம் கடுமையாக இருப்பது வேறு, கண்மூடியாக இருப்பது வேறு.

தண்டனைக்கு வருகிறேன். நெடுங்காலம் முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. நாடாளுமன்றம் 2019-ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து, முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையோ அதற்கு மேலோ செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் இந்தப் புதிய தொகைகள் 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

இந்த வாசகத்தைச் சற்று உற்று நோக்குங்கள். 'சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்' என்றிருக்கிறது. எது என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நடுவர், குற்றவாளி அல்லர். 'நான் பணத்தையே கட்டிவிடுகிறேன்' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. சிறு குற்றங்கள் சிலவற்றை அதிகாரியிடம் பணம் செலுத்திச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ளலாம். அவை எவை என்று 200-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. தலைக்கவசம் அணியாமை போன்றவை அவ்வகை. 185-ஆம் பிரிவு அப்பட்டியலில் இல்லை. ஆகவே இது நீதிமன்றத்துக்குரிய குற்றம். தீர்ப்பானால் அது குற்றத்தீர்ப்பாகவே ஏட்டில் நிற்கும். அடுத்த முறை வரும்போது அந்த ஏடு பேசும்.

அடுத்து உரிமம். மக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும், வாழ்க்கையில் மிக ஆழமாக வெட்டுவதும் இதுவே. 185-ஆம் பிரிவின்கீழ் ஒருவன் குற்றவாளி என்று தீர்ந்தால், நீதிமன்றம் அவனைக் குறைந்தது 6 மாதங்களுக்கு வண்டி ஓட்டத் தகுதியற்றவனாக ஆணையிட வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. 'இடலாம்' என்றன்று, 'இட வேண்டும்' என்றே சட்டம் சொல்கிறது. 6 மாதம் என்பது கீழ் எல்லை. அதற்கு மேலும் போகலாம்.

நாமக்கல்லிலிருந்து வட நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவரை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அவருக்கு நிலமில்லை, கடையில்லை. அவருடைய சொத்து அந்தச் சிறு அட்டையாகிய உரிமம் ஒன்றே. மகளின் கல்லூரிக் கட்டணமும், தாயின் மருந்தும், வீட்டு வாடகையும் அந்த அட்டையிலிருந்து வருகின்றன. ஓர் இரவு வழிக்கடையில் நிறுத்திக் குடித்ததற்காக அது 6 மாதம் முடங்கினால், 10,000 ரூபாய் அபராதம் அவருக்குப் பெரிதாகவா தோன்றும்? ஆறு மாத வருமானம் அல்லவா அபராதம்! தடையை மீறி வண்டியை எடுத்தாலோ, 182-ஆம் பிரிவின்கீழ் 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வேறொரு குற்றம் வந்து சேரும். குடித்தவன் ஒருவன், தண்டனையைத் தின்பவர் வீட்டார் அனைவரும்.

மூன்றாவது, இன்ஷூரன்சு. வண்டிக்கு இன்ஷூரன்சு இருக்கிறது, எது நேர்ந்தாலும் கம்பெனி கொடுத்துவிடும் என்று நம்புவோர் பலர். பத்திரத்தின் உள்ளே சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பதை அவர்கள் படித்ததில்லை. ஓட்டுநர் மதுவின் வசப்பட்டிருந்தால் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை அதில் இருக்கும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் கம்பெனியின் மறுப்பை ஏற்றுக்கொண்டது. மூச்சுச் சோதனையோ குருதிச் சோதனையோ நடந்த முடிவு இல்லாவிட்டாலும், சூழ்நிலைகளைக் கொண்டு கம்பெனி போதையை மெய்ப்பிக்கலாம் என்பது அத்தீர்ப்பின் கருத்து. வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்குரிய காப்பிலும், 185-ஆம் பிரிவில் கூறிய போதையோட்டத்தைக் கம்பெனி தன் எதிர்வாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திருத்தப்பட்ட 150-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஒரு குடும்பத்துக்கு நட்டஈடாக நீதிமன்றம் இலட்சக்கணக்கில் தீர்ப்பளிக்கும்போது அந்தச் சுமை யார் தலைக்குத் திரும்பும் என்பதை ஓட்டுபவரும், வண்டியின் சொந்தக்காரரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேயர்களே, இதுவரை கூறியவையெல்லாம் உயிர்ச்சேதம் நேராதபோதும் வரக்கூடிய தண்டனைகள். உயிர் போய்விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தோடு நாட்டின் பொதுக் குற்றச் சட்டமும் வந்து நிற்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டு வரை என உயர்த்தியிருக்கிறது. ஆனால் குடித்துவிட்டு ஓட்டி உயிரைப் போக்குவது வெறும் கவனக்குறைவுதானா? இதுவே நம் நீதிமன்றங்களை உலுக்கிய கேள்வி.

மும்பையில் 2006-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பின்னிரவில், பாந்திராப் பகுதியின் கார்ட்டர் சாலையில் ஒரு கார் நடைபாதை மீது ஏறியது. அங்கே பகலெல்லாம் உழைத்துக் களைத்த கூலித் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். 7 பேர் மாண்டார்கள். 8 பேர் காயமுற்றார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார் என்று குருதிச் சோதனை காட்டியது. விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவாகவே கொண்டு 6 மாதச் சிறை விதித்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! உயர்நீதிமன்றம் அதை மாற்றி, 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின்கீழ், அதாவது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தின்கீழ், 3 ஆண்டுச் சிறை விதித்தது. 2012-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. மிகக் குறைந்த தண்டனை என்பது அந்நீதிமன்றத்தின் எண்ணமாயிருந்தும், அதைக் கூட்டுமாறு அரசு முறையீடு செய்யவில்லை.

தில்லியில் 1999-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் விடியலில் விரைந்து வந்த கார் ஒன்று 6 பேருடைய உயிரைப் பறித்தது. மாண்டவருள் 3 பேர் காவலர். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அதையும் 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் சேரும் குற்றமென்றே கூறிற்று. ஆனால் குற்றவாளி அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று கொண்டு, 50 இலட்சம் ரூபாய் செலுத்தவும், 2 ஆண்டு சமூகத் தொண்டு செய்யவும் ஆணையிட்டது. தண்டனை போதுமா என்பதில் கருத்து வேற்றுமை இருக்கலாம். குற்றத்தின் பெயரில் மட்டும் இனி ஐயம் இல்லை. இப்போது நியாய சம்ஹிதையின் 105-ஆம் பிரிவில் இடம்பெற்றிருக்கும் அந்தக் குற்றத்துக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு.

கவனக்குறைவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 'அறிவு' என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இச்செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தானா என்பதே கேள்வி. 'குடித்திருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லித் தப்பலாமே என்று தோன்றும். அந்தக் கதவைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அடைத்துவிட்டது. தானே விரும்பிக் குடித்தவன், குடிக்காமல் இருந்திருந்தால் என்ன அறிவு அவனுக்கு இருந்திருக்குமோ, அதே அறிவு உடையவனாகவே கருதப்படுவான். பழைய சட்டத்தின் 86-ஆம் பிரிவும், புதிய சம்ஹிதையின் 24-ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன. அவனறியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ பிறர் புகட்டியிருந்தால் மட்டுமே விலக்கு. தன் கையால் விளக்கை அணைத்தவன், இருட்டில் கண் தெரியவில்லை என்று முறையிட இயலாது.

ஓட்டுபவனைத் தவிர மற்றவர்க்கு இதில் பங்கில்லையா? இருக்கிறது. இக்குற்றத்துக்கு உடந்தையாய் இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆம் பிரிவு. குடித்தவன் ஓட்டுகிறான் என்று தெரிந்தே உடன் செல்பவரும் இப்பிரிவின்கீழ் தண்டிக்கப்படுவர் என்று 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. சப்பானில் 2006-ஆம் ஆண்டு புக்குவோக்கா நகரில் குடித்தவர் ஓட்டிய கார் மோதியதில், மற்றொரு வண்டி பாலத்திலிருந்து கடலில் விழுந்து 3 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு அந்நாட்டுச் சட்டம், ஓட்டுவான் என்று தெரிந்தே மது கொடுத்தவரையும், வண்டி கொடுத்தவரையும், உடன் பயணம் செய்தவரையும் சிறைக்கு அனுப்பத்தக்க குற்றவாளிகளாக்கியது. இங்கிலாந்தில் முதல் குற்றத்துக்கே குறைந்தது 12 மாதம் உரிமம் போய்விடும். போதையில் ஓட்டி மரணம் விளைவித்தவருக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆயுள் தண்டனை வரையிலும் விதிக்கலாம்.

இத்தனை தண்டனைகள் இருந்தும் குற்றம் ஏன் ஒழியவில்லை? என் கருத்து இது: தண்டனையின் கடுமையைக் காட்டிலும் அதன் நிச்சயமே மனிதனைத் தடுக்கிறது. பிடிபட மாட்டோம் என்று நம்புகிறவனுக்குப் பத்தாயிரமும் ஒன்றுதான், பத்து ஆண்டும் ஒன்றுதான். வாரத்தில் ஓரிரவு சோதனை என்றில்லாமல் எவ்விரவும் சோதனை இருக்கலாம் என்ற நிலை வேண்டும். வழக்குகள் விரைந்து முடிய வேண்டும். 6 மாத உரிமத் தடை தவறாமல் ஆணையிடப்பட வேண்டும். ஆணையிட்டது காக்கப்பட வேண்டும்.

தடுப்புமுறையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கும் குறிப்பிடத்தக்கது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தது. மக்கள்தொகை 20,000-க்கு உட்பட்ட ஊர்களுக்கு அத்தொலைவு 220 மீட்டராகப் பின்னர் குறைக்கப்பட்டது. நகராட்சி எல்லைகளுக்கு 2017-ஆம் ஆண்டில் தளர்வும் வந்தது. ஆயினும், நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவன் கண்ணெதிரே மதுவை விற்பது சாலைப் பாதுகாப்புக்குப் பகை என்ற கொள்கை அதனால் நிலைபெற்றது.

எனினும் சட்டமும் காவலரும் சாலையில்தான் நிற்க முடியும். வண்டி புறப்படுவது வீட்டு வாசலிலிருந்து, திருமண மண்டபத்திலிருந்து, நண்பர் கூடிய விடுதியிலிருந்து. அங்கே சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் தமையனோ, மனைவியோ, நண்பரோ எந்த நடுவரைக் காட்டிலும் வல்லவர். 'அண்ணன் கோபித்துக்கொள்வார்', 'மாப்பிள்ளை தவறாக நினைப்பார்' என்று தயங்க வேண்டா. வாடகை வண்டிக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து அனுப்பி வையுங்கள். மறுநாள் காலையில் அவர் கோபம் தணிந்துவிடும். உயிரோடு இருப்பவருக்குத்தானே கோபம் வரும்!

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். இவர்களெல்லாம் மதுவால் மாண்டவர் அல்லர். மிகைவேகமே பெரும்பங்குக்குக் காரணம். ஆனால் மது, வேகத்தையும் கூட்டும். வேகத்தைப் பற்றிய அச்சத்தையும் போக்கும். இம்மரணங்களுள் மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியவை மதுவால் நேர்ந்தவையே. கெட்ட சாலையைச் செப்பனிட ஆண்டுகள் ஆகும், பணமும் வேண்டும். குடித்த அன்று வண்டியைத் தொடாமல் இருக்கக் காலமும் வேண்டா, காசும் வேண்டா.

ஆகவே யாரேனும் இனி, பத்தாயிரம்தானே என்று சொல்லக் கேட்டால், நீங்கள் அவருக்குக் கணக்கை முழுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பத்தாயிரம் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, குறைந்தது ஆறு மாதம் உரிமம் இல்லை, இன்ஷூரன்சு இல்லை, உயிர் போனால் பத்தாண்டு வரை சிறை. அத்தனையும் சொல்லி முடித்த பிறகு, ஏட்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அபராதத்தைக் கட்டித் தீர்க்கலாம். சிறைக்காலம் முடிந்து வெளிவரலாம். உரிமத்தைத் திரும்பப் பெறலாம். சாலையோரம் உறங்கியவனை எழுப்பித் தரும்படி ஆணையிடும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.